வண்டியில் இல்லாத பாகங்கள்

நானே கட்டிய மோட்டார் சைக்கிளைப் பார்க்க வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து, டேங்கை விரலால் தட்டிப் பார்த்து, குனிந்து எஞ்சினுக்கு அடியில் நோட்டம் விட்டு, கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். "இதுல எத்தனை பாகம் நீங்களே செஞ்சது?" ஆரம்பத்தில் பெருமையாகவே சொல்வேன்: 43. வாஷர், கிளிப் போன்ற சில்லறைகளைச் சேர்க்காமல் எண்ணியது. சேஸிஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், பெட்ரோல் டேங்க், இருக்கைக்கு அடியில் வரும் தகடு, சைலன்சர் குழாய், ஃபுட்ரெஸ்ட், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வரும் ஸ்பேசர்கள், முன்விளக்கைத் தாங்கும் இரண்டு கைகள் என்று பட்டியல் நீளும்.

இப்போது அந்த எண்ணைச் சொல்ல வாய் வருவதில்லை. கணக்கில் ஏதோ இடிக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டருக்கு ஐந்து மீட்டர் கொட்டகை. அதில் நாலு வருடம், வார இறுதிகளும் தூக்கம் வராத இரவுகளும். இன்று வண்டியில் இருக்கிற பாகங்களைச் செய்யப் போன நேரம் அதில் பாதிகூடத் தேறாது. மீதியெல்லாம் வண்டியில் இல்லாத பாகங்களுக்குப் போனது. சேஸிஸைப் பிடித்து நிறுத்திய ஜிக், டேங்குக்காகச் செதுக்கிய மர அச்சு, மாதிரிக்கு வெட்டிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட அட்டைத் துண்டுகள். அப்புறம் தோற்றுப்போனவை. அவற்றுக்குத் தனியாக ஓர் அலமாரியே வைத்திருக்கிறேன்.

அலமாரி என் சொந்த யோசனை இல்லை. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் இருந்த பர்ட் மன்றோவிடமிருந்து எடுத்தது. 1920ல் அவர் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் வண்டி 600 சிசி. புதிதில் மணிக்கு 88 கிலோமீட்டர்தான் அதன் உச்சம். அதே வண்டியைத் தன் கொட்டகையில் வருடக்கணக்காக அறுத்தும் வார்த்தும் ராவியும், 1967ல் அமெரிக்காவின் பொன்னவில் உப்பு வெளியில், 1000 சிசிக்குக் குறைந்த வகுப்பில், மணிக்கு 296 கிலோமீட்டர் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 68. பிஸ்டனைக்கூட வீட்டிலேயே வார்த்தவர். உடைந்ததும் உருகியதுமான பாகங்களை அலமாரியில் அடுக்கி, "வேகக் கடவுளுக்குக் காணிக்கை" என்று எழுதி வைத்திருந்தார். என் வண்டிக்கும் வேகத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனாலும் காணிக்கை செலுத்துவதில் நான் குறை வைக்கவில்லை.

சேஸிஸ் செய்வது என்றால் குழாயை வளைத்து வெல்டிங் அடிப்பது என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். வளைப்பதும் அறுப்பதும் கை பழகினால் வந்துவிடும். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் உருண்டை மேல் இடுக்கு இல்லாமல் போய் உட்கார வேண்டும். அதற்கு முனையை மீன் வாய் திறந்த மாதிரி குடைந்து, அரத்தால் ராவி, வைத்துப் பார்த்து, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். முதல் முனைக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இருபதாவது முனை பத்து நிமிடத்தில் முடிந்தது. இதில் என்ன கஷ்டம் என்று தோன்றிய அந்த நாளில்தான் உண்மையான கஷ்டம் கண்ணில் பட்டது: குடைந்த குழாய்கள் எல்லாம் அந்தரத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

மேசை செய்கிறவருக்குத் தரை இருக்கிறது. சுவர் எழுப்புகிறவருக்குத் தூக்குக்குண்டு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இதுதான் நேர்கோடு என்று கை வைத்துக் காட்ட ஒன்றும் கிடையாது. குழாய் வளைந்திருக்கிறது, எஞ்சின் உருண்டு திரண்டு கிடக்கிறது, சக்கரம் வட்டம். இரண்டு சக்கரங்களின் நடுவையும் கடந்து போகும் ஒரு தளம். அந்தத் தளத்துக்குள்ளேயே ஹேண்டில் கழுத்துக் குழாயின் அச்சு. அதற்குக் குறுக்கே செங்குத்தாக ஸ்விங் ஆர்ம் அச்சும் பின்சக்கர அச்சும். எல்லாமே மனதில் இருக்கிற கோடுகள். அந்தக் கோடுகளை இரும்பில் செய்து தரையில் நிறுத்தினால் அதுதான் ஜிக்.

என் ஜிக்குக்கு இரண்டு கனத்த இரும்புச் சேனல்கள் அடித்தளம். ரசமட்டம் வைத்து, அடியில் மெல்லிய தகடுகள் செருகி, நாலு மூலையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை மல்லுக்கட்டினேன். அதன் மேல் கழுத்துக் குழாயைத் தேவையான சாய்வில் பிடிக்கும் ஒரு தூண், இரு முனையிலும் கூம்புகளுடன். ஸ்விங் ஆர்ம் அச்சுக்கு ஒரு நேரான கம்பி, பின்சக்கர அச்சுக்கு இரண்டு கால்கள், நடுவில் எஞ்சினின் வெற்றுக் கூட்டை உட்கார வைக்க ஒரு மேடை. இதற்கே ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் எட்டிப் பார்த்த மனைவி, "வண்டி கட்டுறேன்னு சொன்னீங்க, கட்டில் கட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். பார்க்கவும் அச்சு அசலாக இரும்புக் கட்டில் மாதிரித்தான் இருந்தது.

அந்தக் கட்டிலில்தான் முதல் பெரிய தவறும் நடந்தது. எஞ்சின் கூட்டை மேடையில் வைக்கும்போது அதன் நடு எது என்று ஒரு கேள்வி வருமல்லவா? சேஸிஸோடு பொருத்துவதற்கு எஞ்சினில் காதுகள் உண்டு. இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுப்புள்ளியை அளந்து, அதுவே நடு என்று குறித்துக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. ஒரு பக்கம் கிளட்ச், இன்னொரு பக்கம் காந்தச் சக்கரமும் செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் இருக்கிற எஞ்சின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க அதற்கு என்ன தலையெழுத்து? என் எஞ்சினில் அந்தக் காதுகள் நடுவிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தன.

பின்சக்கரத்தைப் போட்டு, நேரான பட்டை ஒன்றைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தோடு ஒட்டிப் பிடித்தபோதுதான் அது முன் ஸ்ப்ராக்கெட்டைத் தொடாமல் 4 மில்லி விலகி நின்றது. செயின் வண்டியில் ஒரு மில்லி விலகலே யோசிக்க வைக்கும். 4 மில்லி என்றால் செயின் பற்களின் பக்கவாட்டைத் தின்றுகொண்டே ஓடும்.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தவறு இருந்த இடத்தை விட்டுவிட்டுத் தெரிந்த இடத்தைச் சரிசெய்தேன். லேத்தில் புதிதாக இரண்டு ஸ்பேசர் கடைந்து, பின்சக்கரத்தையே 4 மில்லி நகர்த்தி, செயினை நேராக்கிவிட்டேன். அழகான ஸ்பேசர்கள், நூறில் இரண்டு மில்லி சுத்தத்துக்குக் கடைந்தவை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுவாரம் நூல் பிடித்துப் பார்த்தேன். பின் டயரைச் சுற்றி ஒரு நூலை எடுத்து, அதன் இரு பக்கத்தையும் தொட்டபடி முன் டயர் வரை இழுத்துக் கட்ட வேண்டும். முன் டயர் ஒடுக்கம் என்பதால் நூலுக்கும் அதற்கும் இரு பக்கமும் இடைவெளி இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று அர்த்தம். மகள் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் அளந்தேன். இரு பக்கமும் 15 வர வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 11, மறு பக்கம் 19. "எட்டு வித்தியாசம்பா" என்றாள் அவள், எனக்குக் கழிக்கத் தெரியாது என்று நினைத்தவள் போல.

எஞ்சினைத் தாங்கும் 6 மில்லி தகடுகள் நாலையும் கிரைண்டரால் அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்ய ஒரு முழு வாரம் போனது. அறுத்த தகடுகளும் அந்த அழகான ஸ்பேசர்களும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. ஸ்பேசர்களைப் பார்க்கும்போதுதான் இன்றும் அதிகம் வலிக்கிறது. செய்நேர்த்தியில் இந்த வண்டியிலேயே அவைதான் முதல் இடம்.

அடுத்த தட்டில் ஒரு கழுத்துக் குழாய். வெல்டிங் அடித்த இடம் ஆறும்போது சுருங்கி, தன்னைச் சுற்றி இருக்கிற இரும்பை எல்லாம் தன் பக்கம் இழுக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு, எல்லா மூட்டுகளுக்கும் முதலில் பொட்டு வைத்த மாதிரி சின்னச் சின்ன டேக் மட்டும் அடித்து, அப்புறம் இடம் மாற்றி மாற்றி, இடதில் கொஞ்சம் வலதில் கொஞ்சம் என்று நிரப்பினேன். சேஸிஸ் கோணவில்லை. ஆனால் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டின் கிண்ணம் கழுத்துக் குழாய்க்குள் இறங்க மறுத்தது. வெல்டிங்குக்கு முன்பு கச்சிதமாகக் கடைந்து வைத்திருந்த வட்டம், சூட்டில் இழுபட்டு நீள்வட்டமாகிவிட்டது. பத்தில் ஒரு மில்லி அளவுதான். சுத்தியலால் தட்டி இறக்கினால் இறங்கும். பேரிங்கும் சீக்கிரமே சாகும். குழாயைக் கனமாக எடுத்து, உள்விட்டத்தைக் கொஞ்சம் சிறிதாக விட்டு, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு இறுதி அளவுக்குக் கடைய வேண்டும் என்பதுதான் முறை. நான் வரிசையைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

அலமாரியில் வைக்க முடியாத தவறு ஒன்றும் நடக்க இருந்தது. குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால், பிரேக்கைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அடித்துத் துடைத்துவிட்டு ஆர்கான் வாயு வெல்டிங்கைப் பற்ற வைக்கப் போனேன். சும்மா டப்பாவைத் திருப்பிப் படித்தேன். குளோரின் கலந்த கரைப்பான். அதன் ஈரமோ ஆவியோ மிஞ்சியிருக்கும் இடத்தில் ஆர்க் எரிந்தால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசப்பட்ட வாயு அது. கதவு மூடிய சின்னக் கொட்டகை வேறு. அன்று வேலையை அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது துடைப்பதற்கு அசிட்டோன் மட்டும்தான். அதுவும் நன்றாக உலர்ந்து, துடைத்த துணியும் டப்பாவும் கொட்டகைக்கு வெளியே போன பிறகுதான் பொறி.

கழுத்தின் சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. ஹேண்டிலின் அச்சை நீட்டினால் தரையை எங்கே தொடுகிறதோ, அந்தப் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரத்துக்கு டிரெயில் என்று பெயர். வண்டி தானாக நேராக ஓட விரும்புவது இந்தத் தூரத்தால்தான். தள்ளுவண்டியின் சுழல் சக்கரம் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருவதும் இதே காரணத்தால்தான். என் வண்டியில் முன் டயரின் ஆரம் 310 மில்லி, சாய்வு செங்குத்திலிருந்து 25 பாகை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் ஹேண்டில் அச்சிலிருந்து 35 மில்லி முன்தள்ளி இருக்கின்றன. கணக்குப் போட்டால் டிரெயில் 106 மில்லி வருகிறது. அமைதியான எண். அப்புறம் ஓர் ஆசையில், பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றால் அழகாக இருக்குமே என்று நீளமான ஷாக் அப்சார்பர் போட்டுப் பின்பக்கத்தை 25 மில்லி உயர்த்தினேன். சக்கர இடைவெளி 1400 மில்லி என்பதால் வண்டியே ஒரு பாகை முன்னால் சாய்ந்தது. டிரெயில் 100க்கு இறங்கியது. ஆறு மில்லிதானே என்று தோன்றும். ஓட்டிப் பார்த்தால் முன்சக்கரத்தின் குணமே மாறிவிட்டது: திருப்பம் சுறுசுறுப்பு, நேர்பாதை கொஞ்சம் படபடப்பு. எனக்குப் பிடித்துப் போனதால் அப்படியே விட்டுவிட்டேன். அதுவே 90 வரை இறங்கியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

இனி டேங்க். இந்த வண்டியில் நான் அதிகம் நேசித்ததும் என்னை அதிகம் அவமானப்படுத்தியதும் அதுதான்.

முதலில் மர அச்சு. டேங்கின் உருவத்தை 30 மில்லிக்கு ஒரு துண்டாக வெட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் ப்ளைவுட்டில் அறுத்து, வரிசையாக முதுகெலும்பில் கோர்த்தேன். மீன் முள் மாதிரி ஒரு கூடு. தகட்டை அடித்து அடித்து அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். முள்ளோடு எங்கே ஒட்டவில்லையோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. அச்சு செய்வதற்கு முன்னால் உருவத்தைக் கண்ணால் பார்க்க, கம்பியை வளைத்து வண்டியின் மேலேயே கட்டி வைத்திருந்தேன். இதுவும் நியூசிலாந்துக்காரர் ஒருவரிடமிருந்து கற்றதுதான். கிறைஸ்ட்சர்ச்சில் பிரிட்டன் வி1000 பந்தய வண்டியை உருவாக்கிய ஜான் பிரிட்டன், அதன் உடற்கூட்டைக் கம்பியும் சூடான பசையும் கொண்டுதான் முதலில் வடித்துப் பார்த்தார். கம்பி சௌகரியம், பிடிக்கவில்லை என்றால் வளைத்துவிடலாம், மனசு உடையாது.

தகடு 1.6 மில்லி அலுமினியம். தட்டத் தட்ட அது விறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் அடித்தால் பிளக்கும். இடையிடையே சூடு காட்டி இளக வைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு 660 பாகையில் திடீரென்று உருகி விழுந்துவிடும். அதனால் பழைய கைகள் கண்டுபிடித்த வழி சோப்பு. தகட்டின் மேல் சாதாரணச் சோப்புக் கட்டியால் கோடுகள் கிழித்து, மறுபக்கத்திலிருந்து தீ காட்டினால், தகடு இளகும் பக்குவம் வரும்போது கோடு பழுப்பாகிக் கறுக்கும். கறுத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். ஆறிய பிறகு அதே தகடு கையால் வளைக்கிற அளவுக்குக் குழைந்து கிடக்கும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

அப்புறம் மணல் மூட்டை, மரச் சுத்தியல். தட்டையான தகடு குழிந்த வடிவம் எடுக்க இரண்டே வழி: நடுவை அடித்து நீட்ட வேண்டும், இல்லையென்றால் ஓரத்தைச் சுருக்க வேண்டும். நடுவை நீட்டினால் அங்கே தகடு மெலிகிறது. ஓரத்தைச் சுருக்கினால் கனம் குறையாது, ஆனால் பாவாடை மடிப்பு மாதிரி சுருக்கம் எழும்பும். அந்த மடிப்பு ஒன்றின் மேல் ஒன்று படிவதற்குள் அதைத் தட்டித் தட்டித் தகட்டுக்குள்ளேயே கரைக்க வேண்டும். அவசரப்பட்டால் மடிப்பு மடங்கி ஒட்டிக்கொள்ளும். அந்தத் தகடு அலமாரிக்குத்தான். அலமாரியில் டேங்கின் இடது கன்னங்கள் மட்டும் மூன்று இருக்கின்றன. வலது கன்னம் ஒன்றுதான் வீணானது. நான் வலதுகைக்காரன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சில இரவுகள் யோசித்திருக்கிறேன்.

கன்னங்கள், முதுகு, அடித்தகடு எல்லாம் சேர்ந்து வெல்டிங்கும் முடிந்து, முதல் டேங்க் முழுதாக மேசைக்கு வந்த நாள் ஒரு திருநாள். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறப்புகளை அடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, டயருக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்தேன். டயருக்கு இரண்டு பார் அழுத்தம் ஏற்றுகிறோம், இதற்கு அரை பார் போதும் என்று ஒரு தாராளக் கணக்கு. டொம் என்று ஒரு சத்தம். டேங்க் மேசையில் நிற்காமல் ஆடியது. அடித்தகடு வயிறு ஊதியிருந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அரை பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. அடித்தகடு 20க்கு 45 சென்டிமீட்டர், ஆக 900 சதுர சென்டிமீட்டர். 450 கிலோவை அந்த மெல்லிய தகட்டின் மேல் ஏற்றி உட்கார வைத்திருக்கிறேன். தகடு ஊதியதோடு நின்றது. காற்று என்பதால் மூட்டு கிழிந்திருந்தால் துண்டு பறந்திருக்கும்.

இரண்டாவது டேங்கில் அடித்தகட்டில் வரப்பு மாதிரி மேடுகள் தட்டி, உள்ளே ஒரு தடுப்புத் தகடும் வைத்தேன். சோதனையையும் மாற்றினேன். டேங்க் நிறையத் தண்ணீர், மூடி இருக்கும் இடத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு குழாய், அதிலும் தண்ணீர். ஒரு மீட்டர் உயர நீர் பத்தில் ஒரு பார் அழுத்தம் தரும். அதற்கு மேல் ஏற நினைத்தாலும் ஏறாது. வெளியே மூட்டுகளின் மேல் சுண்ணப்பொடி தூவிவிட்டால் கசிகிற இடம் ஈரமாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மூன்று இடம் காட்டிக்கொடுத்தது. அடைத்தேன். இப்போது 11 லிட்டர் பிடிக்கிறது, ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஊதிய முதல் டேங்க் அலமாரியில் அடங்கவில்லை. அதன் உச்சியில் கிரீடம் மாதிரி வைத்திருக்கிறேன்.

சைலன்சர் குழாய் இத்தனை கதைக்குத் தகுதி இல்லாதது. 38 மில்லி ஸ்டெயின்லெஸ் குழாயை 15 பாகைத் துண்டுகளாகச் சீவி, ஆறு துண்டு சேர்த்தால் 90 பாகை வளைவு. குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் விட்டுக்கொண்டே பற்ற வைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டின் உட்பக்கம் கருகிச் சர்க்கரைப் பாகு உறைந்த மாதிரி பொரிந்துவிடும். பொறுமை இருந்தால் போதும். வயரிங்கும் அப்படித்தான், மூட்டுகளில் ஈயம் ஊற்றியிருந்தேன், ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் ஈயம் ஏறி விறைத்த கம்பி, ஈயம் முடிகிற இடத்தில் முறிந்தது. உலோக முனையை நசுக்கிக் கம்பியைப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் அடித்து மாற்றிய பிறகு தொந்தரவு இல்லை.

செய்யாமல் விட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர், டிஸ்க், ரிம், பேரிங், அச்சுத் தண்டு எல்லாம் வாங்கியவை. என்னால் ஒரு காலிப்பரைக் கடைந்திருக்க முடியும். பார்க்கவும் நன்றாகவே இருந்திருக்கும். உள்ளே ஒரு விரிசல் இருக்கிறதா என்று சொல்ல என்னிடம் கருவி இல்லை. செய்யத் தெரிவதும் செய்ததைச் சோதிக்கத் தெரிவதும் தனித்தனி; இரண்டாவது இல்லாத இடத்தில் நான் கை வைக்கவில்லை. போல்ட்டிலும் இதே பிடிவாதம்தான். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை எல்லா இடத்திலும் போட ஆசை வரும். வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவை வலிமை 700 மெகாபாஸ்கல், தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண எஃகு போல்ட்டுக்கு 800. நிரந்தரமாக நீண்டுபோகாமல் தாங்கும் அளவை எடுத்தால் வித்தியாசம் இன்னும் கூடுதல்: 450க்கு எதிராக 640. இருக்கைக்கும் மட்கார்டுக்கும் ஸ்டெயின்லெஸ் போகட்டும். காலிப்பரைப் பிடிக்கிற இடத்தில் அழுக்கு நிற எஃகுதான்.

முதல் ஓட்டம் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாரும் எழுதுவதையே நானும் எழுதிவிடுவேன். ஓடியது. நேராக ஓடியது. கையை லேசாகத் தளர்த்தினாலும் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நூல் பொய் சொல்லவில்லை என்று மட்டும் அப்போது நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் மகள் கேட்ட கேள்வி, "அந்தக் கட்டிலை இனிமே என்ன பண்ணப் போறீங்க?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜிக்கைப் பிரித்தால் கொட்டகையில் பாதி இடம் கிடைக்கும். தூண்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன். சேனல்கள் இரண்டையும் தொடவில்லை. அவ்வளவு பாடுபட்டு மட்டம் பிடித்ததை நகர்த்த மனம் வரவில்லை. மர அச்சை வீட்டுக்குள் கொண்டுபோக மனைவியிடம் அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை.

போன வாரம், சரியாக 640 கிலோமீட்டரில், இரவில் முன்விளக்கு தலையாட்டியது. இறங்கிப் பார்த்தால் விளக்கைத் தாங்கும் இடது கை விரிசல் விட்டிருக்கிறது. 4 மில்லி அலுமினியத் தகட்டில் அறுத்து ராவிச் செய்த கை. உள்மூலை கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால்தான் அழகு என்று முக்கோண அரத்தால் சீவியிருந்தேன். விரிசல் அந்த மூலையிலிருந்துதான் புறப்பட்டிருக்கிறது. எஃகு என்றால் ஓர் அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் முறை அதிர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை; சின்னச் சின்ன அதிர்வையும் மறக்காமல் எண்ணிக்கொண்டே வந்து ஒரு நாள் விட்டுவிடும். அதிலும் கூர்மையான மூலை இருந்தால் அங்கேயே வந்து குவியும். டேங்கை ரப்பரில் உட்கார வைத்த எனக்கு இது தெரியாததில்லை. விளக்குதானே என்று விட்டுவிட்டேன்.

ஆக இப்போதைக்கு 42.

உடைந்த கையை அலமாரியில், ஸ்பேசர்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். வலது கையையும் கழற்றிப் பார்த்தேன். அதே மூலையில் முடி அளவுக்கு ஒரு கோடு. சரி, 41. இந்த முறை 3 மில்லி எஃகு, உள்மூலையில் 5 மில்லி ஆரத்துக்கு ஒரு வளைவு. தகட்டை அறுக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, ஒரு காலி அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து, கத்தரிக்கோலோடு தரையில் உட்கார்ந்தேன்.